கேமராவின் கண்ணில் சந்தனப் பொட்டு

அந்த நண்டுக் கூடையை நான் இடித்தேனா இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த மாதிரி விஷயங்களைத் தெரிந்துகொள்வதற்கென்றே காரில் ஒரு கேமரா மாட்டியிருந்தேன். அன்று அது எல்லாவற்றையும் பதிவுசெய்தது. கூடை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டது.

என்னைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள் நான். மூடித்தான் இருக்கும். வந்தது வந்தோம் என்று ஒருமுறை திறந்து மூடுவேன். மறுபடியும் தெருமுனைக்குப் போனதும், இரண்டாவது தடவை சரியாக மூடினேனா என்று தோன்றும். எம்.காம். வரை படித்திருக்கிறேன். படிப்பு இதற்கு உதவவில்லை.

பழவேற்காட்டில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கணவருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஷிப்டு வேலை. மாமனார் ஏரியில் மீன்பிடித் தொழில் செய்கிறார். எங்கள் மகளுக்கு நான்கு வயது. குளிர்காற்று அடித்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். டாக்டர் இருப்பது பொன்னேரியில். மழை நாளில் ஆட்டோவுக்கு போன் செய்தால், "இதோ வந்துக்கினே இருக்கேன்க்கா" என்பார்கள். வரமாட்டார்கள். அதற்காகத்தான் பழைய கார் ஒன்று வாங்கினோம். நான் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தேன்.

ஆனால் மாமியார் ஒரு சட்டம் போட்டார். குழந்தை காரில் இருந்தால் என் பக்கத்தில் ஓர் ஆண் இருக்க வேண்டும். கணவர் ஷிப்டில் இருக்கும்போது அந்த ஆண் மாமனார்தான். அவர் விடியற்காலை ஏரிக்குப் போய்த் திரும்பியவர். சீட்டில் சாய்ந்தால் வழியில் இருக்கிற திருப்பாலைவனம் வருவதற்குள் குறட்டை வந்துவிடும். அவர் தூங்கிய தூரமெல்லாம் நான் தனியாகத்தான் ஓட்டினேன் என்பதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒருநாள் பொன்னேரி கடைத்தெருவில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து என் பம்பரில் உரசியது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவன்தான் வந்தான். ஆனால் அவன் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடியது. கூட்டத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "லேடீஸா? அப்ப சர்தான்" என்று தீர்ப்பு சொன்னார். நான் அந்தப் பையனிடம் சாரி சொன்னேன். அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவனிடமும் சொன்னேன். டீ குடிக்க வந்து வேடிக்கை பார்த்தவரிடமும் சொன்னேன். அதற்குள் மாமனார் விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமலே, "சாரிப்பா, சாரிப்பா" என்றார். வீட்டுக்கு வருவதற்குள் நான் நின்றுகொண்டிருந்தேனா நகர்ந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்றுதான் டேஷ் கேம் வாங்குவது என்று முடிவெடுத்தேன். ஊருக்கு நிரூபிக்க அல்ல, எனக்கே நிரூபிக்க.

அடுத்த மூன்று வாரம் வீடியோவாகப் பார்த்தேன். மகளின் இரட்டைக் கோடு நோட்டில் பின்பக்கத்திலிருந்து குறிப்பெடுத்தேன். ஒருவர், வெயிலில் பேட்டரி உப்பிவிடும், அதற்குப் பதில் கெப்பாசிட்டர் வைத்ததுதான் வாங்க வேண்டும் என்றார். இன்னொருவர், முன்னால் மட்டும் போதாது, பின்னாலும் வேண்டும் என்றார். திரை இருந்தால் கவனம் சிதறும், இல்லாவிட்டால் ஓடுகிறதா என்றே தெரியாது. உறிஞ்சிப் பிடிக்கிற கப் வெயிலில் விழும், ஒட்டுகிற டேப்பைப் பிறகு எடுக்க முடியாது. எல்லோரும் கடைசியில், "இது உங்கள் தேவையைப் பொறுத்தது நண்பர்களே" என்று முடித்தார்கள். என் தேவை என்னவென்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் நான் வீடியோவே பார்த்தேன்.

மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உப்புக் காத்து தாங்குமா?"

அதை எந்த வீடியோவிலும் யாரும் பேசவில்லை. ஒன்றின் கீழே நானே கமெண்ட் போட்டுக் கேட்டேன். அந்த சேனல்காரர் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பினார். அதற்கு ஆம் என்று அர்த்தமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கணவர், "ஏதோ ஒண்ண வாங்கேன். கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ விசாரிச்சிருக்க மாட்டே" என்றார்.

"அப்ப எங்கப்பா விசாரிச்சாரு" என்றேன்.

பொன்னேரியில் ஒரு கடைக்குப் போனோம். நோட்டைப் பிரித்து வரிசையாகக் கேட்டேன். "ராத்திரியில தெளிவா எடுக்குமா?"

"ராத்திரி ஓட்டுவீங்களா மேடம்?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"எடுக்குமான்னு தெரிஞ்சுக்கணும்."

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். கணவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். கடைசியில், முன்பக்கம் மட்டும் எடுப்பது, சின்னத் திரை உள்ளது, கெப்பாசிட்டர் வைத்தது என்று ஒன்றை வாங்கினேன். பின்பக்கமும் எடுப்பதை வாங்கியிருக்கலாமோ என்று அனுப்பம்பட்டில் இருக்கிற என் அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். அம்மா, "பின்னாடி யாரு வந்தா உனக்கு இன்னா?" என்றார்.

மாட்டுவது அடுத்த கூத்து. பெட்டியில் கப்பும் இருந்தது, டேப்பும் இருந்தது. முதலில் கப். கண்ணாடியில் பதித்துவிட்டு, தள்ளி நின்று ரசித்துவிட்டு உள்ளே வந்தேன். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால் கேமரா கியர் அருகே குப்புறக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பதித்தேன். மறுபடியும் விழுந்தது. எங்கள் ஊரில் எந்தக் கண்ணாடியையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இதை ஏழு வருடமாகப் பார்க்கிறேன். இருந்தும் கண்ணாடியைத் தண்ணீரால்தான் துடைத்தேன், ஸ்பிரிட்டால் அல்ல. அதனால் டேப்பும் பாதியில் கழன்று, கேமரா தலையைத் தொங்கப்போட்டு என் மடியைப் படம் எடுத்தது.

வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மாமனார் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, நிக்க மாட்டேங்குதா?"

"கொஞ்சம் இடமா வலமான்னு யோசிச்சுக்கினு இருக்கேன் மாமா. கண்ணாடிக்குப் பின்னாடி வைக்கணும்னு ஒருத்தர் சொல்றாரு, கீழே வைக்கணும்னு ஒருத்தர் சொல்றாரு."

"போட்டுல முன்னாடி நிக்கிறவன் எங்கே நிப்பான்? நடுவுல. இதுக்குப் போய் ஒருத்தன் சொல்லணுமா?" என்று சொல்லிவிட்டு, வலை பின்னுகிற நைலான் நூலை எடுத்துவந்து, பின்புறம் பார்க்கிற கண்ணாடியின் காம்போடு கேமராவைச் சேர்த்துக் கட்டினார். நான்கு சுற்று, மேலே ஒரு முடிச்சு. பல்லால் நூலை அறுத்தார். "காரு அவுந்தாலும் இது அவுறாது."

தொங்கிய ஒயரை மகளின் பூ கிளிப்புகளால் ஓரமாக மாட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் மூன்று வார ஆராய்ச்சிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியார் பூஜை போட்டார். எங்கள் வீட்டில் எந்தச் சாமான் புதிதாக வந்தாலும், அது போட்டின் எஞ்சினோ ஐஸ் பெட்டியோ கிரைண்டரோ, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் வேலைக்கு விட மாட்டார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பானெட்டுக்குப் பொட்டு. ஸ்டியரிங்குக்குப் பொட்டு. அடுத்து சந்தனக் கிண்ணத்தோடு கேமரா முன்னால் குனிந்தார்.

"இதுக்கு நெத்தி எங்கடி?"

எனக்கும் தெரியவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டியில் வட்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாமியார் அதில் சந்தனத்தை அழுத்தி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார்.

அது லென்ஸ். நான் வாயைத் திறந்தேன். "அழகா இருக்கு அத்தே" என்று வாய் சொன்னது.

அதன் பிறகு எடுத்த பதிவுகளை போனில் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தேன். மேலே வானம், ஓரங்களில் வேப்பமரமும் கரண்ட் கம்பமும், கீழே என் பானெட் கொஞ்சம். நடுவில் பழுப்பாக ஓர் உருண்டை, அதற்குள் சிவப்பாக இன்னோர் உருண்டை. துடைத்துவிடலாம். ஒரு துணி போதும். ஆனால் மாமியார் கையால் பூஜையில் வைத்த பொட்டை மருமகள் அழித்தாள் என்று ஆகிவிடாதா? பொட்டை அழிப்பது என்று நினைத்தாலே கை வரவில்லை.

"நீங்க துடைங்களேன்" என்று கணவரிடம் சொன்னேன்.

"நான் எதுக்கு? அம்மா வெச்சது."

"அதனாலதான் நீங்க துடைக்கணும்."

"காய்ஞ்சா அதுவே உதிர்ந்துடும்" என்றார். மாமியார் அரைக்கிற சந்தனம் அப்படியெல்லாம் உதிராது. ஒரு வாரம் அந்தப் பொட்டோடே ஓட்டினேன். மோதல் பெரும்பாலும் ஓரத்தில்தானே நடக்கும், ஓரம் தெளிவாகத் தெரிகிறதே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, டயருக்குக் காற்றடிக்கப் போனேன். மீன் ஏலம் போடுகிற கொட்டகை அருகே ஒரு வளைவு. மீன்காரப் பெண்கள் அலுமினிய அன்னக்கூடைகளை ரோட்டு ஓரமாக வைத்திருப்பார்கள். ஓரம் என்றால் அவர்கள் ஓரம். ரோட்டுக்கு அது நடு. அங்கே என் மாமியாருக்குத் தங்கை முறை ஆகிறவர், நான் சின்னத்தை என்று கூப்பிடுகிறவர், கூடை நிறைய நண்டோடு முதுகைக் காட்டி நின்று ஒருவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். கொடுக்குகளை இன்னும் கயிறு போட்டுக் கட்டவில்லை. நான் மெதுவாகத்தான் போனேன். ஆடு ஒன்று குறுக்கே வந்தது. நின்றேன். பிறகு கிளம்பினேனா, கிளம்பப் பார்த்தேனா, தெரியாது. 'தட்' என்று ஒரு சத்தம். கூடை கவிழ்ந்தது.

நண்டுகள் பல திசையில் போயின. ஒன்று டீக்கடைக்குள் புகுந்தது, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். இன்னொன்று ஒரு நாயைத் துரத்தியது. ஒன்று என் முன் டயருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் வண்டியை முன்னாலும் எடுக்க முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திறக்காத கண்ணாடிக்கு உள்ளிருந்து சாரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லா நண்டையும் பிடித்துவிட்டார்கள். சின்னத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். "நண்டு போனா மயிரே போச்சு. நண்டு ஓடும். இதே எடத்துல நாளைக்கு ஒரு கொழந்த நின்னா அது ஓடுமா?"

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே சேதி போயிருந்தது. மாமியார் வாசலில் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். "நம்பள மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் வோணாம்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. வானம் அப்போதே மூடிக்கொண்டு வந்தது. மத்தியானம் மகள் லேசாக இரும ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த கணவர்தான், "கேமரா இருக்குல்ல? போட்டுப் பாத்துடுவோம்" என்றார். சின்னத்தைக்கும் ஆள் அனுப்பினார்கள். அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம்.

திரையில் உருண்டை வந்தது.

"இன்னா இது, சூரியனா?" என்றார் சின்னத்தை.

"கிரகணமாட்டம் இருக்குது" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

மாமியார் கிட்டே குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மாமனார் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் வெச்சிருக்கே" என்றார் மாமியாரிடம்.

படத்தில் ஒன்றும் தெரியாததால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கேமரா சத்தத்தையும் பதிவுசெய்யும் என்று நோட்டில் நானே எழுதியிருந்தேன், அடிக்கோடு போட்டு. மறந்துவிட்டேன்.

போனிலிருந்து என் குரல் வந்தது. "முதல் கியர்... முதல் கியர்தானே? ஆமாம். ஐயோ ஆடு. ஆடு, ஆடு. நீங்க போங்கம்மா. மெதுவாப் போங்க, ஒண்ணும் அவசரம் இல்ல."

"யாருக்குச் சொல்றா?" என்றார் சின்னத்தை.

"ஆட்டுக்கு" என்றார் கணவர்.

"சின்னத்தே," என்றது என் குரல், ரகசியம் சொல்வது போல, "கூடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கிறீங்களா? ப்ளீஸ்."

சின்னத்தை நிமிர்ந்தார். "இவ எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொன்னேன் சின்னத்தே."

"கண்ணாடிய ஏத்திக்கினு உள்ள குந்திக்கினு சொன்னா எனக்கு எப்படிம்மே கேக்கும்? ஹாரன் இன்னாத்துக்கு வெச்சிருக்கான்?"

"பெரியவங்களைப் பாத்து ஹாரன் அடிக்கிறது மரியாதையா இருக்காதுன்னு..."

கூட வந்தவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு 'தட்' வந்தது. அதைப் பத்துத் தடவை போட்டுக் கேட்டோம். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் கோளாறைக் கேட்பது போலக் கேட்டார். "அன்னக்கூடையில காரு பட்டா டங்குனு கேக்கும். இது தட்டுனு கேக்குது. இது இவ இடுப்பு பட்டது."

"என் இடுப்பு தட்டுனு கேக்குமா?" என்று சின்னத்தை எழுந்துவிட்டார். நாயாக இருக்கலாம் என்றார் கணவர். அந்த ஆடே திரும்பி வந்திருக்கலாம் என்றார் இன்னொருவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் யாரும் போனை நிறுத்தவில்லை. பட்டியல் தன்பாட்டுக்கு முந்தைய நாள் பதிவுக்குப் போய்விட்டது. அதிலும் என் குரல்.

"அத்தே, நான் எதிர்த்துப் பேசறேன்னு நினைக்காதீங்க. பாப்பாவுக்கு மூச்சு இழுக்கிறப்போ இவரு ஷிப்டுல இருப்பாரு. மாமா ஏரியில இருப்பாரு. வீட்ல நாம ரெண்டு பேருதான். ஆட்டோ வராது. கையில சாவி இருந்தும் நான் வாசல்ல நின்னுக்கினு இருக்கணுமா? எனக்குப் பயந்தான் அத்தே. பயத்தோடவே ஓட்டிக்கினு போயிடுவேன்." கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். "ம்ஹூம். ரொம்ப நீளமா இருக்கு. முதல்ல இருந்து. அத்தே... காபி குடிச்சிட்டீங்களா?"

கணவர் போனைப் பிடுங்கி நிறுத்தினார். உள்ளே மகள் இருமினாள்.

மாமியார் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் காபி குடிக்க மாட்டேன். டீதான். ஏழு வருசமா நீதான போட்டுக் குடுக்குறே?"

"ஆமா அத்தே."

எழுந்து போய்ச் சாவியை எடுத்துவந்தார். நேராகக் காருக்குப் போனார். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து லென்ஸைத் துடைத்தார். புதிதாக ஒரு பொட்டை மேலே தள்ளி, நூல் முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தார். சாவியை என் கையில் வைத்து, "ஆளுங்களப் பாத்தா ஹாரன் அடி. ஆட்டுகிட்ட பேசாத" என்றார்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மகளுக்கு இழுப்பு வந்தது. கணவர் ஷிப்டில், மாமனார் ஏரியில். பக்கத்து சீட்டில் ஆண் யாரும் இல்லை. மாமியார் காரின் பின்கதவைச் சாத்திவிட்டு நகர்ந்து நின்றார், அவ்வளவுதான். பொன்னேரி வரை ஓட்டினேன். வழியெல்லாம் ஹாரன் அடித்தேன். எதிரே யாரும் இல்லாத இடத்திலும் அடித்தேன். நெபுலைசர் வைத்ததும் குழந்தைக்குச் சரியாகிவிட்டது. இப்போது அவளை எங்கே வேண்டுமானாலும் நான் தனியாகக் கூட்டிக்கொண்டு போகலாம். யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேட்பதில்லை என்று சொன்னது முழுக்கச் சரி இல்லை. அன்று நான் மழையில் ஓட்டிய பதிவை மாமியார் கேட்டார். மகளிடம், "மூச்சை மெதுவா விடு கண்ணு, அம்மா பக்கத்துலதான் இருக்கேன், அந்த லாரி போயிடட்டும்" என்று நான் பேசிக்கொண்டே போனதைக் கடைசிவரை கேட்டார். மறுநாளும், "இன்னிக்கிப் போனதப் போடு" என்றார். மூன்றாம் நாள் சின்னத்தையும் வந்தார். இப்போது தினமும் சாயங்காலம் டீயோடு நான்கு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். படத்தை யாரும் பார்ப்பதில்லை, கேட்க மட்டும்தான். சின்னத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே, "நேத்து மாரி இல்ல, இன்னிக்கி சப்புனு இருக்குது" என்கிறார். மகளும் விவரமாகிவிட்டாள். நான் ஒரு பஸ்காரரைத் திட்டினால், கேமராவைப் பார்த்து, "ஆயா, அம்மா கெட்ட வார்த்த பேசிட்டா" என்று சாட்சி சொல்கிறாள்.

அந்த மைக்கை அணைக்க ஒரே ஒரு பொத்தான்தான். தினமும் விரல் அதன் மேல் போய்விட்டுத் திரும்பி வருகிறது. அணைத்தால், இத்தனை நாள் பேசியவள் இன்று எதை மறைக்கிறாள் என்று வரும். நான்கு பேரின் சாயங்காலமும் போய்விடும். அணைக்காவிட்டால், தனியாக ஓட்ட அனுமதி கிடைத்தும் நான் தனியாக இல்லை. எனக்கு நானே புலம்பிக்கொள்ள இருந்த ஒரே இடமும் போய்விட்டது. இன்னொன்றும் இருக்கிறது. மாமியாரிடம் நேரில் சொல்ல முடியாததை இப்போதெல்லாம் பொன்னேரி ரோட்டில் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் அதற்குப் பதிலும் வந்துவிடுகிறது. அது வசதியாகத்தான் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

கார் வைத்திருக்கிறவர்கள், கேமரா வைத்திருக்கிறவர்கள், மாமியார் வைத்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி: அந்தப் பொத்தானை அழுத்தட்டுமா, வேண்டாமா? தயவுசெய்து "உங்கள் தேவையைப் பொறுத்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.